மட்டக்கல் ஒரு செங்கல் உயர்ந்தது

பெரிய புயல் அடித்து, சென்னையிலிருந்து இங்கே வரைக்கும் மரமெல்லாம் வேரோடு சாய்ந்ததே, எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் டீக்கடைக் கூரைமேல் விழுந்து மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அதற்கு அடுத்த ஆடி மாதம் நடந்தது இது. வருஷத்தை எண்ணில் சொல்ல எனக்கு வராது. மரம் விழுந்ததற்கு அடுத்த ஆடி என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியும்.

அந்த வருஷம் ஒரு இன்ஜினியர் இங்கிருந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். மழைநீர்க் கால்வாயை மட்டம் தப்பிக் கட்டிவிட்டார் என்று அவர்மேல் பழி. தப்பு அவருடையது இல்லை. யாருடையது என்று எனக்கு அன்றைக்கே தெரியும், சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறார்கள். நடுவில் வேறு எங்காவது போய்விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்குகிறது. ஞாபகமும் நேராக வருவதில்லை.

ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியதிலிருந்து நான் செய்யாத வேலை இல்லை. காம்பவுண்டு சுவருக்குக் கலவை போட்டேன். ஒரு கம்பெனி வாசலில் புல்லுக்குத் தண்ணீர் விட்டேன். ஆடு மாடு திங்கக் கூடாத புல். அதற்கு ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு தொப்பி. கடைசியாகத்தான் அந்த இன்ஜினியர் சாரிடம் ஸ்டாஃப் பிடிக்கப் போனேன். ஸ்டாஃப் என்றால் மட்டம் பார்க்கிற கோல். அலுமினியத்தில் இருக்கும், இழுத்தால் நீளும், உடம்பெல்லாம் எண்களும் கறுப்புக் கட்டங்களும். சார் தூரத்தில் மூன்று கால் வைத்த கருவிக்குள் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு கையை ஆட்டுவார். நான் கோலை முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்து நிமிர்த்த வேண்டும். அதில் தெரிகிற குறைந்த எண்தான் சரியான எண்ணாம். அதை அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். வெயிலில் அலுமினியம் கையைச் சுடும். துண்டைச் சுற்றிப் பிடிப்பேன்.

சார் திருநெல்வேலிப் பக்கம். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கம் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். அதனால் கூட வேலை செய்த மேஸ்திரி என்னைப் பார்க்கும்போதெல்லாம், “அண்ணாச்சி, கால் கிலோ தொவரம்பருப்பு கட்டு” என்பான். அடுத்த தெருக்காரன், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன், வாய் மட்டும் நிற்காது.

எங்கள் தெரு பள்ளம். பக்கத்தில் இரண்டு கம்பெனிகள் மண் கொட்டி மேடாக்கியதும் அது இன்னும் பள்ளமாகிவிட்டது. பெய்கிற மழையெல்லாம் தெருவில் வந்து நிற்கும். அதை ஏரிக்குக் கொண்டுபோகத்தான் கால்வாய். தெருவிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் ஒரு பாதி, ரோட்டிலிருந்து ஏரி வரைக்கும் மறு பாதி. மண்ணைத் தோண்டி, காங்கிரீட் போட்டு, மேலே பலகைக் கல் மூடுகிற வேலை. பார்த்தால் சின்ன வேலைதான். ஆனால் சரிவு ரொம்பக் குறைவு. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் முழங்கால் உயரம்கூட வித்தியாசம் இல்லை என்று சார் சொல்வார். சொல்லிவிட்டு ரோமாபுரிக்குப் போய்விடுவார்.

அது அவருக்கு ஒரு பைத்தியம். சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளியைத் திறந்தாரோ இல்லையோ, ரோமாபுரிக்காரன் ஊர் கட்டின கதை வந்துவிடும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. எங்கேயோ மலையில் இருக்கிற ஊற்றை ஊருக்குள் கொண்டுவந்தான். வழியெல்லாம் கண்ணுக்கே தெரியாத சரிவு. பள்ளம் வந்தால் வளைவு வளைவாகக் கல்லில் பாலம் கட்டி அதன் மேலே தண்ணீரை ஓட்டினான், மலை வந்தால் குடைந்தான். மட்டம் பார்க்க இருபதடி நீள மேசை செய்து, அதன் முதுகில் பள்ளம் வெட்டித் தண்ணீர் ஊற்றி, அது இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று பார்ப்பானாம். புது ஊர் கட்டப் போனால் முதலில் ஒரு கம்பத்தை நட்டு, உச்சியில் குறுக்குக் கட்டை வைத்து, நாலு பக்கமும் நூல்குண்டு தொங்கவிட்டு, அந்த நூல் வழியே பார்த்து இரண்டு நேர் ரோடு போடுவான். பிறகுதான் வீடு. ரோட்டுக்கு அடியில் சாக்கடை. அன்றைக்குக் கட்டின ஒரு சாக்கடையில் இன்றைக்கும் தண்ணீர் ஓடுகிறது என்றார்.

“இன்னைக்குமா?” என்றான் மேஸ்திரி. “எங்க தெருல போன வருசம் போட்டது இந்த வருசம் காணோம் சார்.”

எனக்கு அந்தக் கதைகள் பிடிக்கும். பாதி புரியாது. தண்ணீர் தானாக நடக்கும், நாம் வழி மட்டும் சரியாக விட்டால் போதும் என்கிற இடம் புரியும். நானும் கழனிக்குத் தண்ணீர் விட்டவன்தான்.

மட்டக்கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனையில் புயலுக்குத் தப்பி நின்ற வேப்பமரத்தடியில் சார் ஒரு கருங்கல்லை ஊன்றினார். ஒரு சாண் மேலே தெரியும். ரோட்டோரத்தில் பழைய கல் ஒன்று இருந்தது, அதிலிருந்து மட்டம் கொண்டுவந்து இதன் நெற்றியில் சிவப்பு பெயிண்டில் எண் எழுதினார். முப்பத்தெட்டு, புள்ளி, நாலு, அஞ்சு, அஞ்சு. கொஞ்ச நாளில் ரோட்டை அகலமாக்க வந்தவர்கள் அந்தப் பழைய கல்லை வாரி லாரியில் போட்டுவிட்டார்கள். மீந்தது எங்கள் தெருமுனைக் கல்தான். கால்வாய் முழுக்க அதை வைத்துத்தான் மட்டம்.

வேப்பமரத்தடி, கருங்கல், சிவப்பு பெயிண்ட். சும்மா விடுவார்களா? ஒரு மாதத்துக்குள் மஞ்சள் பூசியிருந்தது, எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. சார் கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் சிரித்தார். ரோமாபுரியிலும் எல்லைக்கல்லைச் சாமியாகக் கும்பிட்டார்களாம், எண்ணெய் பூசி மாலை போட்டுத் திருவிழாவே எடுத்தார்களாம். யாராவது கல்லை நகர்த்தினால் அவனுக்கும் அவன் ஏர்மாட்டுக்கும் சாபமாம். “தாராளமாக் கும்பிடுங்க அண்ணாச்சி,” என்றார். “ஆனா அசைக்க மட்டும் விட்டுராதீங்க. இந்தக் கல்லை நம்பித்தான் நான் இருக்கேன்.” அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். தெருக்காரன் நான்தானே.

மேல்பாதிக் கால்வாய், தெருவிலிருந்து ரோடு வரைக்கும், ஆடிக்கு முன்னால் முடிந்தது. ஆடி பிறந்ததும் வேலைக்காரர்கள் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். சாரும் இரண்டு வாரம் லீவில் போனார்.

தெருவில் கூழ் ஊற்ற ஏற்பாடு. அப்போது என் வீட்டுக்காரி இருந்தாள். ஆடி முதல் வெள்ளி, விளக்கு வைத்துவிட்டு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“நாய்ங்க வந்து காலைத் தூக்கினு போவுது. மழை பேஞ்சா அம்மா கழுத்து வரிக்கும் சேறு. நீ பாத்துகினே கீற. வேலைக்காரன்னு பேரு.”

“அது சார் கல்லு. அசைக்கக் கூடாது.”

“யாரு அசைக்கச் சொன்னது? அதே எடத்துல கொஞ்சம் தூக்கி வையேன்.”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. நாலு பக்கமும் ஆணி அடித்தேன், நூல் கட்டினேன், நூல்குண்டு தொங்கவிட்டுக் கல்லின் நடுவைக் குறித்துக்கொண்டேன். ரோமாபுரிக்காரன் கம்பம் நட்ட கதையெல்லாம் அப்போது மனதில் ஓடியது. கல்லைக் கடப்பாரையால் கிளப்பி, அடியில் செங்கல்லை அதன் நீள விளிம்பில் குத்தாக நிறுத்தி, கலவை போட்டு, அதே குழியில், அதே நூலுக்கு நேரே இறக்கினேன். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒரு நெல் அளவுகூட நகரவில்லை. சுற்றி ஒரு மேடை கட்டிப் பூசினேன். மேடையும் உயர்ந்ததால் கல் முன்பு போலவே ஒரு சாண்தான் வெளியே தெரிந்தது. எண்ணெயிலும் மஞ்சளிலும் எண் மங்கிப் போயிருந்தது. சார் வந்தால் தேடுவாரே என்று அதே எண்ணை, அவர் எழுதியிருந்த அதே வளைவோடு, புதுப் பெயிண்டில் எழுதினேன்.

அந்த எண்ணைக் கல்லின் பேர் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்குக் கதவு நம்பர் போடுகிற மாதிரி. வீட்டைத் தூக்கிக் கட்டினால் கதவு நம்பர் மாறுமா? அது கடல் மட்டத்திலிருந்து கல்லின் உயரம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அத்தனை மாதம் கோலைப் பிடித்தேன், கோலில் இருக்கிற எண் எதற்கு என்று ஒரு நாள் கேட்டதில்லை.

சார் வந்தார். மேடையைப் பார்த்ததும் முகம் மாறியது. டேப்பை எடுத்தார். கல்லிலிருந்து மரத்துக்கு, கல்லிலிருந்து டீக்கடைச் சுவருக்கு, எதிர்வீட்டு மூலைக்கு என்று அளந்தார். பழைய நோட்டைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. இருக்காதா, நான் அவ்வளவு பாடுபட்டிருக்கிறேனே. “பரவால்ல அண்ணாச்சி, அசையல,” என்று என் தோளைத் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் அந்தத் தோள் கூசுகிறது.

கல் தலையில் கோலை வைத்தேன். அதிலிருந்து மட்டம் எடுத்து ஏரிப்பக்கத்துப் பாதியைக் கட்டினார்கள். ஏரியிலிருந்து தொடங்கி ரோட்டை நோக்கி வந்தார்கள். புரட்டாசியில் இரண்டு பாதியும் ரோட்டோரத்தில் சந்திக்க வேண்டும். சந்திக்கவில்லை. தெருப்பக்கத்து அடித்தளம் கீழே, ஏரிப்பக்கத்து அடித்தளம் மேலே. நடுவில் படிக்கட்டு மாதிரி ஒன்று. தண்ணீர் ஏறிப் போக வேண்டும்.

மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அவன் வாய் மூடி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சார் கருவியைத் திருப்பித் திருப்பிச் சோதித்தார். நோட்டில் கூட்டினார், கழித்தார். அப்புறம் அந்தக் குழியின் கரையிலேயே உட்கார்ந்து, யாரிடமும் இல்லாமல் ஒரு கதை சொன்னார். ரோமாபுரி ராஜ்ஜியத்தில் ஏதோ ஒரு ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர மலையைக் குடைந்தார்கள். மட்டம் பார்க்கிறவன் வழியைக் குறித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் வெட்டிக்கொண்டே வந்தார்கள். வெட்டின நீளத்தைக் கூட்டிப் பார்த்தால் மலையைவிட அதிகம், ஆனால் இரண்டும் சந்திக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் விலகிப் போயிருந்தார்கள். எல்லாரும் அவனைத்தான் திட்டினார்கள். திரும்ப அவனை வரச் சொன்னார்கள். வருகிற வழியில் கொள்ளைக்காரர்கள் அடித்துத் துணியைக்கூட உருவிக்கொண்டு விட்டார்கள். காயத்தோடு வந்து அளந்து பார்த்து, குறை எங்கே என்று கண்டுபிடித்து, சுரங்கத்தைச் சேர்த்துவைத்தான். அந்தக் கதையை அவன் கல்லில் வெட்டிவைத்திருக்கிறான், மேலே மூன்று பெண்களின் முகம் செதுக்கி. அது இன்னும் இருக்கிறதாம்.

நான் அந்தப் படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அரை அடிக்குக் கொஞ்சம் குறைச்சல். குத்தாக நிறுத்தின ஒரு செங்கல், மேலும் கீழும் கலவை. என் புத்திக்குத் தெரிவதற்கு முன்னால் என் கைக்குத் தெரிந்துவிட்டது.

சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, அந்தக் கல்லை யாராச்சும் அசைச்சாங்களா? சொல்லுங்க. உங்க பேர் வராது.”

“இல்ல சார். வச்ச எடத்துலதான் கீது.”

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று பல வருஷம் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். வைத்த இடத்தில்தான் இருந்தது. ஏன் சொல்லவில்லை என்றால், கல்லைப் பெயர்ப்பார்கள் என்று பயம். என் வீட்டுக்காரி தெருவே பார்க்கக் கூழ் ஊற்றியிருக்கிறாள். வேலை போய்விடும் என்றும் பயம். அதெல்லாம் அப்புறம் சேர்த்துக்கொண்ட காரணம். அந்த நேரத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மழைக்காலம் தலைக்கு மேல் நின்றது. வேலையை எடுத்திருந்த கான்ட்ராக்டர் அந்தப் படியைச் சரிவாகப் பூசி, பலகைக் கல்லைப் போட்டு மூடச் சொன்னார். எண்ணைத் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சாரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கினார்கள். அவரும் அப்படித்தான் நம்பினார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கல் சரி, கருவி சரி, அப்படியானால் கண்தான் தப்பு. போகிற அன்று ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது மூக்குக்கண்ணாடிக் கடை எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். வழி சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் தெருவிலேயே நின்றது. கால்வாய்க்குள் போய், ரோட்டோரத்தில் முட்டி, திரும்பி வரும். என் மகள் அதே தெருவில்தான் இருக்கிறாள். கம்பெனி கேன்டீனில் வேலை, ஷிப்டு. மழை நாளில் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி மெயின் ரோட்டுக்குப் போய்க் கம்பெனி பஸ் பிடிப்பாள். வாசற்படியை என்னைக் கொண்டே இரண்டு முறை உயர்த்திவிட்டாள். ஒவ்வொரு ஐப்பசியிலும் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் தூக்கி வைக்கும்போது, “கண்ணு தெரியாத ஒருத்தன் வந்து கட்டிட்டுப் போனான் பாரு, அவன் வூட்ல பூரணும் இந்தத் தண்ணி,” என்பாள். நான் மூட்டையின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கிக் கொடுப்பேன்.

என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்தாள். அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மன் காரியத்தில் இப்படி ஆயிற்றே என்று வேதனைப்படுவாள். கல் மட்டும் வளர்ந்தது. தகர ஷெட் வந்தது, சூலம் வந்தது. ஆடி தோறும் பெண்கள் அந்த எண்ணைப் புதுப் பெயிண்டில் எழுதுகிறார்கள், ஒரு புள்ளி தவறாமல். எங்கள் தெருக்காரர்கள் நம்பரம்மா என்கிறார்கள். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வருகிற ஷேர் ஆட்டோவில் நம்பரம்மா கோயில் என்று சொன்னால் கேட்காமல் இறக்கிவிடுவார்கள்.

இந்த ஆவணியில் புதுக் கால்வாய்க்கு ஆள் வந்தது. பழையதை எடுத்துவிட்டு அகலமாகப் போடப் போகிறார்களாம். ஒரு பெண் இன்ஜினியர், என் மகளைவிடச் சின்ன வயசு. டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அவள் கையில் பழைய வரைபடம், அதில் எங்கள் கல், அதே எண். கல்லில் பார்த்தாள், எண் பளபளவென்று இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். பிறகு கோல் பிடிக்கிற ஆளைக் கூப்பிட்டு, அம்மன் தலையில் கோலை வைக்கச் சொன்னாள்.

இன்னொரு தரமும் இதே படியா என்று நினைத்தேன். எழுந்து போனேன்.

“தாத்தா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்குது.”

“அந்த நம்பரு தப்பும்மா.”

“இல்ல தாத்தா, டிராயிங்ல இதான் இருக்கு.”

“நம்பரு அப்படியேதான் கீது. கல்லுதான் ஏறிட்ச்சி. நான்தான் ஏத்தினேன்.”

அவள் கருவியை விட்டுவிட்டு வந்தாள். டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து முழுக்கக் கேட்டாள். நடுவில் ஒரு முறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் ரோட்டோரத்துக்குக் கூட்டிப் போய் எந்தப் பலகைக் கல் என்று காட்டினேன். ஆட்கள் அதைத் தூக்கினார்கள். சேற்றை வாரிப் போட்டதும் அந்தப் பூசின சரிவு தெரிந்தது. கோலை இறக்கி இரண்டு பக்கமும் அளந்தாள். “அஞ்சரை இஞ்ச்,” என்றாள். அதற்குள் நான் ஒரு செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, மேலும் கீழும் விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

தெருவில் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அந்த எண்ணை அழித்துவிடலாமா என்று இன்ஜினியர் கேட்டதற்குப் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மன் பேரை எப்படி அழிப்பது என்றார்கள். அவள் பள்ளிக்கூடச் சுவரில் வேறு மட்டம் குறித்துக்கொண்டாள். ஆக, நான் நினைத்தபடியே அது பேராகிவிட்டது. அப்போது ஆகவில்லை, இப்போது ஆகியிருக்கிறது. மேஸ்திரிக்கு இப்போது முட்டிவலி, வெளியே வருவதில்லை. ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டு, “அண்ணாச்சி, ஒரு செங்கல்லு கட்டு,” என்றான். சிரிக்கத்தான் சொன்னான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

என் மகள் ஷிப்டு முடிந்து வந்து, பையைக்கூட இறக்கவில்லை, வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் உயர்த்திக் கட்டிக்கொடுத்த படிதான்.

“இத்தினி வருசமா அந்த மனுசன திட்டிகினு இருந்தேன். பக்கத்துலயே நின்னுகினு கேட்டுகினு இருந்தியே நைனா.”

ஆமாம் என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்ச் சோறு போட்டாள். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசுவதில்லை. அவளுக்கு அசதி, எனக்கும் அசதி. கால்வாய் வேலை நடக்கிறது. மழைக்குள் முடித்துவிடுவோம் என்கிறாள் அந்தப் பெண்.

சாரைப் பற்றி அவளிடம் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அந்த கான்ட்ராக்டரும் இப்போது இல்லை, ஆபீஸ் இருந்த இடத்தில் பிரியாணிக் கடை இருக்கிறது. மகள் போனில் பழைய நம்பரைப் போட்டுப் பார்த்தோம், வேறு யாரோ எடுத்தார்கள்.

ரோமாபுரிக்காரனுக்குத் தன் பக்கத்து நியாயத்தைக் கல்லில் வெட்டிவைக்க முடிந்தது. எங்கள் சாருக்காக வெட்டிவைக்க என்னிடம் கல் இல்லை. இருந்த ஒரு கல்லையும் நான் தூக்கிவைத்துவிட்டேன். அதனால் வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நடுத்தர உயரம், மாநிறம், நெல்லைப் பேச்சு. வயசில் பெரியவர்களை அண்ணாச்சி என்பார். சாப்பிடும்போது ரோமாபுரியைப் பற்றிப் பேசுவார். இப்போது எங்காவது மட்டம் பார்த்துக்கொண்டிருக்கலாம், அல்லது தன் கண்மேல் நம்பிக்கை போய் அந்த வேலையையே விட்டிருக்கலாம். நீங்கள் எங்காவது பார்த்தால் அவரிடம் சொல்லுங்கள். பார்க்காவிட்டால், கட்டட வேலையில் இருக்கிற யாரிடமாவது சொல்லிவையுங்கள், அவர்கள் இன்னொருவரிடம் சொல்லட்டும். அவர் எழுதிக்கொண்ட எண் ஒன்றுகூடத் தப்பு இல்லை. அவர் கண் சரியாகத்தான் பார்த்தது. கல்தான் ஒரு செங்கல் உயர்ந்திருந்தது. உயர்த்தினவன் நான் என்று சொல்லுங்கள்.